காவலரிடம் தந்த வாக்குமூலம்: 1855 சென்னைச் சித்திரவதை விசாரணை முதல் புதிய சாட்சியச் சட்டம் வரை

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் காவல் அதிகாரியிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னாலும், அந்தச் சொல்லை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. இந்தியக் குற்றவியல் விசாரணை முறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று இது. காவல் துறையை உருவாக்கிய அரசே அந்தத் துறை எழுதிக் கொண்டுவரும் வாக்குமூலத்தை நம்ப வேண்டாம் என்று நீதிபதிகளுக்குக் கட்டளையிட்டது. இங்கிலாந்தின் சட்டத்தில் இத்தகைய முழுத் தடை கிடையாது. வாக்குமூலம் விருப்பத்தோடு தரப்பட்டதா என்று மட்டுமே அக்காலத்தில் அங்கே பார்த்தார்கள். ஆங்கிலேயர் தம் நாட்டில் வைக்காத விதியை இந்தியாவில் ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்கான விடையில் சென்னை மாகாணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வரியும் காவலும் ஒரே கையில்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் 1802-இல் மாவட்ட நீதிமன்றங்கள் ஏற்பட்டபோது, காவலை மேற்பார்வையிடும் பொறுப்பு நீதிபதிகளிடம் இருந்தது. தாமஸ் மன்றோவின் பரிந்துரைப்படி 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் இதை மாற்றின. மாவட்டக் கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் காவலின் தலைவராகவும் ஆனார். அவருக்குக் கீழே தாசில்தார் வரி வசூலையும் காவலையும் சேர்த்துப் பார்த்தார். ஊரளவில் மணியக்காரரும் தலையாரியும் இரண்டு வேலைகளுக்கும் கையாட்களாக இருந்தனர்.

உள்ளூர் வழக்கத்தை ஒட்டியது, செலவு குறைந்தது என்ற காரணங்களால் இந்த ஏற்பாடு பாராட்டப்பட்டது. ஆனால் கிஸ்தி பாக்கி வைத்த குடியானவனை மிரட்டுபவரும், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனை விசாரிப்பவரும், அவனைக் கலெக்டர் முன் கொண்டு நிறுத்துபவரும் ஒரே ஆளாகிப் போனார்கள். புகார் சொல்ல வேண்டிய இடமும் அதுவேயாக இருந்தது.

அக்காலத்துக் குற்றவியல் நீதி முறை, ஒழுங்குமுறைச் சட்டங்களால் திருத்தப்பட்ட இசுலாமியக் குற்றவியல் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதில் நேரில் கண்ட சாட்சியும் குற்றவாளியின் ஒப்புதலும் முதன்மையான ஆதாரங்கள். கண்டவர் யாருமில்லாத திருட்டிலும் கொலையிலும் ஒப்புதல் கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும், கிடைக்காவிட்டால் வழக்கே நிற்காது. ஆகவே ஒப்புதலைப் பெறுவதே புலனாய்வு என்றாகிவிட்டது.

1855-இன் விசாரணைக் குழு

சென்னை மாகாணத்து வரி வசூலில் சித்திரவதை நடக்கிறது என்ற புகார் 1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் எழுந்தது. கம்பெனித் தரப்பினர் அதை மறுத்தனர். விசாரிக்காமல் விட முடியாத நிலையில், ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் காலத்தில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. இவர்களுள் ஜான் புரூஸ் நார்ட்டன் சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞர். கம்பெனி ஆட்சியின் நீதி முறையைக் கடுமையாக விமரிசித்து வந்தவர்.

குழு மக்களிடமிருந்து நேரடியாக முறையீடுகளைக் கேட்டது. குறுகிய காலத்தில் 1,900-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. பலர் கடிதம் எழுதினர்; நூற்றுக்கணக்கானோர் நெடுந்தொலைவிலிருந்து சென்னைக்கு நேரிலேயே வந்து சொன்னார்கள். விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெருக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது, கண்ணில் மிளகாய் இடுவது, உணவும் தண்ணீரும் தராமல் அடைத்து வைப்பது என்று அவர்கள் விவரித்த முறைகள் அறிக்கையில் பதிவாயின.

1855-இல் வெளியான அறிக்கை இரண்டு முடிவுகளைச் சொன்னது. முதலாவது, வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் சித்திரவதை பரவலாக இருக்கிறது. இரண்டாவது, ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தை என்று கருத இடமில்லை. கீழ்நிலை இந்திய ஊழியர்களே காரணம். இந்த இரண்டாவது முடிவை இன்றைய வரலாற்றாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. தாங்க முடியாத வரியை விதித்து, அதைக் குறித்த நாளில் வசூலிக்கச் சொன்ன அமைப்பின் மேல் விழ வேண்டிய பழியை அறிக்கை ஊழியர்களின் குணத்தின் மேல் போட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். அக்காலத்திலேயே இது கேட்கப்பட்டது. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் இந்த அறிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆண்டின் கிளர்ச்சியில் இந்தியர் செய்த கொடுமைகளை மட்டும் பேசிக்கொண்டிருந்த வாசகர்களுக்கு, கம்பெனி ஆட்சியின் அன்றாடக் கொடுமையை எடுத்துக்காட்ட அவருக்கு இது பயன்பட்டது.

குறைகள் இருந்தும், காவலும் வரி வசூலும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று குழு தெளிவாகச் சொன்னது. அதன் பயனாக 1859-இல் 24-ஆம் சட்டம் வந்து, சென்னை மாகாணக் காவல் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையானது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். 1861-இல் இந்தியா முழுமைக்கும் வந்த காவல் சட்டத்துக்குச் சென்னையின் இந்த அமைப்பு ஒரு முன்மாதிரி.

ஐயமே சட்டமானது

தனித் துறை ஏற்பட்டதால் மட்டும் அடி நிற்காது என்பது அப்போதே தெரிந்திருந்தது. சென்னையில் மட்டுமன்றி வங்காளத்திலும் காவலர் வாக்குமூலம் பறிக்கும் புகார்கள் பல ஆண்டுகளாக இருந்தன. ஆகவே 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 148-ஆம் பிரிவு முதலான சில பிரிவுகளில் காவலரிடம் தரப்படும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதைத் தடுத்தது. 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்திய சாட்சியச் சட்டம் இதை 24 முதல் 27 வரையிலான பிரிவுகளாக எடுத்துக்கொண்டது.

மிரட்டியோ ஆசை காட்டியோ பெற்ற வாக்குமூலம் செல்லாது என்றது பிரிவு 24. காவல் அதிகாரியிடம் தந்த எந்த ஒப்புதலும் செல்லாது என்றது பிரிவு 25. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் உடன் இருந்தாலன்றி அது செல்லாது என்றது பிரிவு 26. இவற்றுள் பிரிவு 25 தனித்தன்மை உடையது. அடித்தார்களா இல்லையா என்று அது கேட்பதில்லை. மூடிய அறைக்குள் நடந்ததை அடிபட்டவரால் மெய்ப்பிக்க முடியாது என்பதை உணர்ந்து, மெய்ப்பிக்கும் சுமையையே அது எடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் விலைபோகாத சரக்கைப் பறிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதே இதன் கணக்கு.

காவலர் ஏன் அடிக்கிறார்கள் என்பதற்கு இந்தியாவில் பணியாற்றிய ஓர் அதிகாரி சொன்ன விளக்கத்தை ஸ்டீபன் பிற்காலத்தில் எழுதி வைத்தார். வெயிலில் அலைந்து ஆதாரம் தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து ஒருவனைத் துன்புறுத்துவது எளிது என்பதே அதன் சாரம். சித்திரவதைக்குக் கொடூர மனம் மட்டும் காரணமன்று, வேலையைச் சுருக்கிக்கொள்ளும் வசதியும் காரணம் என்ற இந்தக் கணிப்பு இன்றும் பொருந்துகிறது.

திறந்து வைத்த கதவு

தடையைப் போட்ட சட்டமே அதற்கு ஒரு விதிவிலக்கையும் வைத்தது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம் என்றது பிரிவு 27. பொருள் கிடைத்ததே சொல்லின் உண்மைக்குச் சான்று என்பது இதன் தர்க்கம்.

இந்தப் பகுதி எவ்வளவு என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற புலுகுரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1946-இன் இறுதியில் தீர்ப்பளித்து எல்லையை வகுத்தது. ஒருவர், தாம் குத்திய கத்தியை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துக் கொடுக்கிறார் என்று கொள்வோம். கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே கண்டுபிடிக்கப்பட்ட உண்மை. அதனால் குத்தினேன் என்ற பகுதியை நீதிமன்றம் காதில் வாங்கக் கூடாது. கத்திக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பை அரசுத் தரப்பு வேறு சாட்சியத்தால் நிறுவ வேண்டும்.

தீர்ப்பு தெளிவானதுதான். நடைமுறையில் இந்தக் கதவு அகலமாகவே திறந்தது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளின் கட்டுகளைப் புரட்டினால், எதிரி வாக்குமூலம் தந்ததும், கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும், முட்புதரிலிருந்து அரிவாள் எடுத்ததும், மகசர் எழுதியதும் ஒரே வார்ப்பில் வருவதைக் காணலாம். எதிரி தாமாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வழக்குகளும் உண்டு. அலுவலர் காவலர் அல்லர் என்பதால் பிரிவு 25 குறுக்கே வராது. முன்பின் தெரியாத அலுவலரிடம் ஒருவர் ஏன் போய் இப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, இத்தகைய ஒப்புதலை வலுவற்ற சாட்சியம் என்று நீதிமன்றங்கள் பலமுறை ஒதுக்கியுள்ளன.

முறையான வழி ஒன்றும் சட்டத்தில் உண்டு. 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 164; இதன்படி குற்றவியல் நடுவர் முன் வாக்குமூலம் தரலாம். தர வேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படும் என்று நடுவர் முதலில் எச்சரிக்க வேண்டும். மனம் மாறினால் மீண்டும் காவலரிடம் அனுப்பப்பட மாட்டீர்கள் என்ற உறுதி கிடைத்தால்தான் அந்த எச்சரிக்கைக்குப் பொருள் உண்டு.

அரசியலமைப்பும் நீதிமன்றங்களும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் உறுப்பு 20(3), குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கே எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. காலனி ஆட்சியின் நடைமுறை விதி இதனால் குடிமக்களின் அடிப்படை உரிமையோடு இணைந்தது. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில், காவல் நிலைய விசாரணையின்போதே பேசாமலிருக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. டி.கே. பாசு வழக்கில் கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிகளை வகுத்தது. கைதுக் குறிப்பு எழுதுவது, உறவினருக்குத் தெரிவிப்பது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். 2010-இல் செல்வி வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி மயக்க மருந்து கொடுத்தோ பொய் கண்டறியும் கருவியை மாட்டியோ பதில் பெறக் கூடாது என்றது. கிட்டிக்குப் பதிலாக ஊசி வந்தாலும், மனத்தைத் திறக்கச் செய்யும் கட்டாயம் ஒன்றே என்பது இந்தத் தீர்ப்பின் நிலை.

தடாவும் பொடாவும்

பிரிவு 25-இன் கணக்கு சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் தந்தன. 1987-இன் தடா சட்டத்தின் பிரிவு 15, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் மூவர் இதைச் செல்லும் என்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி இரத்தினவேல் பாண்டியன். அச்சமற்ற சூழலில், எதிரி பேசிய மொழியிலேயே பதிய வேண்டும், தாமதமின்றி நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று சில பாதுகாப்புகளையும் அத்தீர்ப்பு பரிந்துரைத்தது. பதவி உயர்ந்த அதிகாரி என்பதால் மட்டும் காவலர் மீதான ஐயம் தீராது என்பது மற்ற இருவரின் மாறுபட்ட கருத்து.

இதன் விளைவைத் தமிழ்நாடு ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கண்டது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இந்தக் கொலை தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதச் செயல் அன்று என்றும் கூறியது. எனினும் தடா சட்டத்தின்படி பதிந்த வாக்குமூலங்களைச் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது. சாதாரணக் கொலை வழக்கில் நுழையவே முடியாத வாக்குமூலங்கள் இவ்வாறு தண்டனைக்கு அடிப்படையாயின.

தண்டிக்கப்பட்டவருள் ஒருவரான பேரறிவாளனுக்கு எதிரான முதன்மைச் சான்று, இரண்டு ஒன்பது வோல்ட் மின்கலங்களை வாங்கிக் கொடுத்தது பற்றிய வாக்குமூலம். அவை எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக, அந்த வாக்குமூலத்தைப் பதிந்த ஓய்வுபெற்ற அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. ஆளுநர் தரப்பில் நேர்ந்த தாமதம் முதலான காரணங்களின்மேல் அது நடந்தது. வழக்கின் சாட்சியங்களை மறுபடி எடைபோட்டு அன்று. அதற்குள் 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த அதிகாரி சொன்னது அடி உதை பற்றியதன்று. எழுதுபவர் ஒரு வாக்கியத்தை விட்டாலே போதும், ஒப்புதலின் பொருள் மாறிவிடும் என்பதை இது காட்டியது. 1861-இன் விதி இந்த ஆபத்தையும் சேர்த்தே தடுத்திருந்தது.

தடா 1995-இல் காலாவதியானது. 2002-இல் வந்த பொடா அதே விதியைக் கூடுதல் பாதுகாப்புகளோடு கொண்டுவந்து, 2004-இல் நீக்கப்பட்டது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், அந்தப் பாதுகாப்புகள் பின்பற்றப்படவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2005-இல் காவலரிடம் தந்த வாக்குமூலங்களை ஒதுக்கிவிட்டு, பிற சான்றுகளைக் கொண்டே முடிவெடுத்தது. மகாராட்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டம் போன்ற சில மாநிலச் சட்டங்களில் இத்தகைய விதி இன்றும் நீடிக்கிறது.

தளர்த்தலாமா என்ற வாதம்

கடும் குற்றங்களில் விடுதலை மிகுவதற்கு பிரிவு 25 ஒரு காரணம் என்று சொல்வோரும் உண்டு. குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட நீதிபதி மாலிமத் குழு 2003-இல் தந்த அறிக்கையில், உயர் காவல் அதிகாரி ஒலி ஒளிப் பதிவோடு எடுக்கும் ஒப்புதலை எல்லாக் கடும் குற்றங்களிலும் ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. மற்ற நாடுகள் தம் காவலரை நம்பும்போது இந்தியா மட்டும் ஏன் நம்பக் கூடாது என்பது இந்தத் தரப்பின் கேள்வி. பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைக் கருவி காட்டாது என்பது எதிர்த் தரப்பின் பதில். அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை.

இதற்கிடையில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. காவல் சீருடை அணியாமலேயே கைது செய்து விசாரிக்கும் அமைப்புகள் பெருகின. அவற்றின் அதிகாரிகள் காவல் அதிகாரிகளா? துஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகளும் பிரிவு 25-இன் பொருளில் காவல் அதிகாரிகளே என்றது. அவர்களிடம் தந்த ஒப்புதலை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாமல் போனது. ஆனால் 2022-இல் அமலாக்கத் துறை அதிகாரிகளைக் காவல் அதிகாரிகளாகக் கருத முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுங்க அதிகாரிகளின் நிலையும் முன்பிருந்தே அதுதான்.

புதிய சட்டங்களில்

2024 ஜூலை 1 முதல் 1872-இன் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் உள்ளது. பழைய 25, 26, 27 பிரிவுகள் அதில் 23 என்ற ஒரே பிரிவாக இணைக்கப்பட்டன. தடையும் மாறவில்லை, விதிவிலக்கும் மாறவில்லை. நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி ஒளிப் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. முட்புதரில் எடுத்த அரிவாளின் கதையை இனி வார்ப்பு மாதிரி எழுத முடியாதபடி இது தடுக்கக்கூடும். காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தி, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டிருக்கிறது.

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை. அதற்காகக் கொண்டுவரப்பட்ட சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை.

விதி செய்ததும் செய்யாததும்

கடந்த 160 ஆண்டுகளில் இந்த விதி நீதிமன்றத்துக்குள் தன் வேலையைச் செய்தது. அடித்துப் பெற்ற ஒப்புதலை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவரைத் தூக்கிலிட முடியாத நிலையை அது உருவாக்கியது. அது விலக்கப்பட்ட சட்டங்களின் கீழ் நடந்தவை, அதன் தேவையை மறுபடி உறுதி செய்தன.

நீதிமன்றத்துக்கு வெளியே அதன் கை நீளவில்லை. அடிப்பதன் நோக்கம் சாட்சியம் பெறுவது மட்டுமன்று. களவு போன நகையை மீட்பது, பிரிவு 27-க்கு ஒரு பொருளைத் தேடுவது, வேறொருவர் பெயரை வாங்குவது, பாடம் கற்பிப்பது ஆகியவையும் நோக்கங்களே. அடிபடுபவர்களும் பெரும்பாலும் வழக்கறிஞரைக் கூப்பிட வழியில்லாத ஏழைகள். 1855-இன் குழு முன் நின்ற குடியானவர்கள் கேட்டது, தங்கள் ஒப்புதலை நீதிபதி நிராகரிக்க வேண்டும் என்று அன்று. அடித்தவரைக் கேள்வி கேட்க வேண்டும் என்றே. முதல் கோரிக்கைக்கு ஆறே ஆண்டுகளில் சட்டம் வந்தது. இரண்டாவதற்குத் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.